முதுகுவலி என்று மட்டும் எழுதாதீர்கள்
பட்டுக்கோட்டைப் பக்கம் நடவுக்குப் போகும் நம் பெண்கள் முதுகுவலியைச் சொல்வார்கள். மார்பின் பாரத்தைச் சொல்ல மாட்டார்கள். பெண்களான எங்களிடமே தயங்கித்தான் சொன்னார்கள். (ஆண் தோழர்கள் பக்கத்தில் இருந்தால் பேச்சே வராது.)

கனத்த மார்பு உடலை முன்னால் இழுக்கிறது. கழுத்தும் மேல்முதுகும் ஓயாமல் அதைத் தாங்க வேண்டும். நாளெல்லாம் குனிந்து நட்டால் கேட்கவே வேண்டாம். மெல்லிய பட்டை வைத்த மலிவு பாடி தோளில் பள்ளமே போட்டிருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் 'உடம்பைக் குறைம்மா' என்று மாத்திரையோடு அனுப்புகிறார்கள். அளவான, அகலப் பட்டை பாடி அவர்களுக்கு ஆடம்பரமா? மண்வெட்டி மாதிரி வேலைக்கான பொருள் அது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. கணக்கெடுக்கப் போகும் மாணவிகளே, எந்த இடத்தில் வலி, தோளில் தழும்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.