ஐந்தாவது பங்கு

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போதெல்லாம் இப்பழமொழியை முதல் வரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதன் பொருளை, எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு வாரம் நின்ற பிறகே அறிந்தேன்.

2024 ஏப்ரல் மாதக் கடைசி. சிதம்பரத்தில் இருக்கும் என் ஆயா வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். அம்மா உடனே புறப்பட வேண்டியதாயிற்று. அப்பா விசைப்படகில் தொழில் செய்பவர். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால், நம் கடலூர்க் கரை உட்படக் கிழக்குக் கடற்கரை எங்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்நாட்களில் எங்கள் வீட்டில் வலை பழுது பார்க்கும் கூலிதான் வரவு.

ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என் கையில் ரூ. 1,400 கொடுத்தார். “சனிக்கிழமை வரைக்கும் இதுதான். அப்பா, நீ, தங்கச்சி, தம்பி நாலு பேரும் வயிறாரச் சாப்பிடணும்” என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.

எனக்கோ ராணியாகிவிட்ட நினைப்பு! தம்பி ஆசைப்பட்டான் என்று அன்றைக்கே கோழிக்கறி, மாலையில் ஐஸ்கிரீம்: ரூ. 410. திங்களன்று தெருமுனைக் கடையில் அவ்வப்போது வாங்கிய காய்கறி, பால், பஜ்ஜி: ரூ. 220. செவ்வாயன்று நாட்டுப் படகில் வந்த மீனைத் தடைக்கால விலை கொடுத்து வாங்கினேன். மற்றச் செலவும் சேர்ந்து ரூ. 340. இரவு எண்ணிப் பார்த்தால் கையில் ரூ. 430. இன்னும் நான்கு நாட்கள்! அப்பாவிடம் சொல்ல வெட்கம். அழுதுகொண்டே அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

அம்மா கோபிக்கவில்லை. “பருப்பு டப்பாவுக்குப் பின்னாலே நோட்டு இருக்கு, எடு. வீட்டிலே இருக்கிறதை முதல்லே எழுது. அப்புறம் மார்க்கெட்டுக்குப் போ” என்றார்.

எழுதினேன். நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசி இருந்தது. அங்கே கிலோ ரூ. 30க்கு வாங்கிய துவரம்பருப்பும், லிட்டர் ரூ. 25க்கு வாங்கிய பாமாயிலும் இருந்தன. கேழ்வரகு மாவு, புளி, காயவைத்த பலாக்கொட்டை, தடைக்காலத்துக்கென்று மார்ச்சிலேயே அம்மா வாங்கி வைத்த நெத்திலிக் கருவாடு, கொல்லையில் முருங்கை மரம். நான் வெறும் வீடு என்று நினைத்த வீட்டில் பாதி வாரச் சமையல் இருந்தது!

நான்கு நாள் பாலுக்கு ரூ. 88 ஒதுக்கினேன். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் வெங்காயம் தக்காளி ரூ. 60, உளுந்து ரூ. 40, பரங்கிக்கீற்று ரூ. 30, கத்தரிக்காய் ரூ. 25, முட்டை 4 ரூ. 24, மாங்காய் ரூ. 15. எதை எப்போது சமைப்பது என்பதற்கும் நோட்டில் ஒரு முறை இருந்தது: வாடுவது முன்னே, தாங்குவது பின்னே.

அதன்படி புதனன்று முருங்கைக்கீரையும் பருப்பும். வியாழனன்று அம்மா பிறந்த ஊரின் கத்தரிக்காய் கொத்சு. பகலில் சோற்றுக்கு, இரவில் இட்லிக்கு. வெள்ளிக்கிழமை மாமிசம் கிடையாது. மாங்காயும் பலாக்கொட்டையும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சனியன்று பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, இரவு முட்டையும் கேழ்வரகு அடையும். எல்லாம் போக ரூ. 148 மிச்சம்!

பெருமையோடு நோட்டைப் புரட்டினேன். பழைய வாரங்களின் பக்கங்கள். முட்டை 4. கருவாடு 4 பங்கு. அடை மாவு 4 பேருக்கு. எல்லாப் பக்கத்திலும் நாலுதான். அம்மா இல்லாத வாரத்துக்கு இந்த அளவு சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களை எழுதியது அம்மா வீட்டில் இருந்த வாரங்களில் அல்லவா! நாங்கள் ஐந்து பேராயிற்றே!

“எனக்கு முட்டை பிடிக்காது”, “பசியில்லை”, “அடியிலே இருக்கிறது போதும்” என்று அம்மா சொன்னவையெல்லாம் அப்போதுதான் எனக்குக் கணக்காகத் தெரிந்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. தமிழகத்திலும் பாதிக்கு மேல். இந்த எண் எங்கோ இருப்பவர்களைப் பற்றியது என்று எண்ணியிருந்தேன். அது எங்கள் அடுப்படியிலும் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிறன்று அம்மா திரும்பி வந்தார். மிச்சப் பணத்தில் 5 முட்டை வாங்கிக் குழம்பு வைத்தேன். அம்மா வழக்கம்போலத் தம் முட்டையைத் தம்பியின் தட்டுக்கு நகர்த்தினார்.

“அவன் பங்கு அவனுக்கு இருக்கும்மா. இது உன் பங்கு. நோட்டிலே எழுதியாச்சு” என்றேன்.

அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேசாமல் சாப்பிட்டார்.

அன்புத் தோழியரே! ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் பகிர்ந்தளித்த நம் ஆண்டவர், எஞ்சியவை வீணாகாதபடி சேகரிக்கவும் சொன்னார். அதற்கு முன் எல்லோரும் வயிறார உண்டிருந்தார்கள். இன்று உங்கள் வீட்டுச் செலவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அதில் சமைத்தவருக்கும் ஒரு பங்கு இருக்கிறதா?