ஒரு குடத்துக்கு மூன்று குடம்

அகத்தியர் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் நீர் தாமிரபரணியாகித் தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைச் சேர்கிறது. மேற்குச் சரிவில் இறங்கும் நீரில் ஒரு பகுதி கரமனையாறாகிப் பேப்பாறை அணையில் தேங்கித் திருவனந்தபுரத்தின் குடிநீராகிறது. அந்த மேற்குச் சரிவில், விதுராவுக்கும் மேலே இருப்பது போனக்காடு. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து கிள்ள மலையேறிய தமிழர்களின் வழிவந்தோர் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். இன்று அங்கு வரும் இளைஞர்கள் பலர், பாழடைந்த துரை பங்களாவில் பேய் உலவுகிறதா என்று பார்க்க வருகிறார்கள். லயத்தில் மனிதர் வாழ்வதைப் பார்த்துவிட்டுப் போவோர் குறைவு.

தோட்டம் நின்றுபோன பின்னும் ஒரு தாய் அந்த லயத்தை விட்டு நெடுநாள் இறங்கவில்லை. வரவேண்டிய பணிக்கொடை வரும்வரை வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டேன் என்பது அவரது உறுதி. மழைக்காலம் ஒன்றில் கூரை ஒழுகிச் சுவர் சரிந்த பிறகே, தூத்துக்குடிப் புறநகரில் வாடகை வீட்டில் இருந்த மகளிடம் வந்து சேர்ந்தார். மகள் முனைவர் பட்ட ஆய்வாளர். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

அந்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 1350 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்வது 500. வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கிறது. ஆகவே அங்கே ஆர்.ஓ. கருவி ஆடம்பரம் அன்று. ஆனால் தாய் வந்த மாதத்திலேயே கருவி தளர்ந்தது. ஐந்து நிமிடத்தில் நிறைந்த லிட்டர்ப் பாத்திரம் நிறையப் பதினாறு நிமிடம் ஆயிற்று. "இந்தத் தண்ணிக்காக நான் இங்க இருக்கணுமா மக்கா?" என்றார் தாய். ஊருக்குத் திரும்ப அவர் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்பது மகளுக்குத் தெரியும். புதிய சவ்வு வாங்கக் கையில் பணமில்லை. இருப்பதைத் தூய்மைசெய்து பார்ப்பதென்று அவள் முடிவு செய்தாள்.

சவ்வு என்பது வடிதுணி அன்று. நீர்க்குழாய் ஒன்றைச் சுற்றிச் சுருட்டப்பட்ட தாள்கள். அவற்றின் மேல் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள பாலிஅமைடு தோல். உப்பைத் தடுப்பது அந்தத் தோலே. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டால் செய்த சவ்வுதான் இத்தொழில்நுட்பத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. பாலிஅமைடு தோல் பின்னர் வந்தது. அது உறுதியானது, ஆனால் குளோரின் பட்டால் சிதையும். சவ்வைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்கச் சொல்வோரின் பேச்சைக் கேட்டால் அழுக்கோடு தோலும் போய்விடும்.

அவள் முதலில் முன்வடிகட்டிகளையும் பம்பின் அழுத்தத்தையும் சோதித்தாள், குறை அங்கில்லை. பிறகு வடிநீரை அளந்தாள்: 95. உப்பில் ஏறத்தாழ 93 விழுக்காடு தடுக்கப்படுகிறது. ஆகவே தோல் கிழியவில்லை, வழி மட்டுமே அடைத்திருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஓட்டம் குறைந்து தடுக்கும் திறன் எஞ்சியிருந்தால் சவ்வைப் பெரும்பாலும் மீட்கலாம். வடிநீரிலேயே உப்பு ஏறிவிட்டால் எந்தக் கழுவலும் பயன்தராது, மாற்றத்தான் வேண்டும்.

உறையைத் திறந்தபோது, கழிவுநீர் வெளியேறும் முனையில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தது. நீர் உள்ளே செல்லச் செல்ல உப்பு செறிவதால் படிவு அங்கேயே முதலில் தோன்றும். ஒரு துணுக்கின் மேல் எலுமிச்சை உப்பின் கரைசலை விட்டாள், மெல்ல நுரைத்தது. கால்சியம் கார்பனேட். நுரைக்காதிருந்தால் சல்பேட்டோ சிலிக்காவோ ஆகியிருக்கும். அவற்றுக்கு இந்த அமிலம் போதாது. வழவழப்பான உயிர்ப்படலம் இருந்திருந்தால் காரக் கழுவலை முதலில் செய்து, அமிலத்தைப் பின்னர் பயன்படுத்த வேண்டும். படலம் இல்லை.

வடித்த நீர் ஒரு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் என்று கலந்து, கையுறை அணிந்து, சிறு பம்பு ஒன்றால் நீர் வழக்கமாகச் செல்லும் திசையிலேயே மெல்லச் சுற்றவிட்டாள். எதிர்த்திசை அழுத்தம் தாள்களின் ஒட்டைப் பிரித்துவிடும். ஒரு மணி நேரத்தில் கரைசல் கலங்கியது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். இடையில் சவ்வு உலர விடவில்லை. பின்னர்க் கழிவு வழியை முழுதும் திறந்து அலசி, முதல் இரண்டு தொட்டி வடிநீரை வீடு துடைக்க ஒதுக்கினாள். மாலையில் லிட்டர்ப் பாத்திரம் எட்டு நிமிடத்தில் நிறைந்தது. அளவி 90 காட்டியது. முழு மீட்சி அன்று. சில மாத அவகாசம்.

தாய் ஊரிலிருந்து கொண்டுவந்த ஓடைநீர் ஒரு புட்டியில் இருந்தது. மகள் அதிலும் அளவியை நனைத்தாள்: 24. "பார்த்தியா அம்மா, இதுவும் தொண்ணூறுதான். ரெண்டுக்கும் பெரிய தூரம் இல்ல," என்றாள். கிருமி இருக்கிறதா என்பதை அளவி சொல்லாது, ஓடைநீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

தாய் கழிவுக் குழாயின் கீழ் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பங்கு வடிவதற்கு மூன்று பங்கு அதில் விழுந்திருந்தது.

"நம்பர் கிட்டத்தான் மக்கா. ஆனா அங்க ஒரு கொடம் குடிக்க மூணு கொடத்தக் கீழ கொட்டல்லியே."

மகளிடம் பதில் இல்லை. கருவி பெற்றுத்தருவது நீரை மட்டுமே. அந்த நீருக்கு யார் எவ்வளவு இழந்தார்கள் என்ற கணக்கை அளவி காட்டுவதில்லை. மலையிலிருந்து இறங்கும் நீர் நகரத்துக்குப் போகிறது. அம்மலையில் உழைத்தோர் உவர்நிலத்துக்கு இறங்கி, விலைகொடுத்து நீர் பெறுகிறார்கள். சவ்வில் படிந்த சுண்ணாம்பை எலுமிச்சை உப்பு கரைத்துவிட்டது. பணிக்கொடைக்கான மனு எந்த மேசையில் படிந்துகிடக்கிறது என்பதை அவர்கள் இருவரும் அறியார்.

மறுநாள் காலை தாய் அந்த வாளி நீரில் பாத்திரம் துலக்கினார். பின்னர் மகள் வடித்து வைத்திருந்த நீரைச் செம்பில் மொண்டு, ஒரு வாய் குடித்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் குடித்தார். ஊருக்குப் போகும் பேச்சை அன்று எடுக்கவில்லை. ஓடைநீர்ப் புட்டியை மட்டும் யாரும் குடிக்காதபடி அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தார்.