பார்த்தவர் சொல்லித்தான் தெரியும்

குழந்தை மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்ததும் காய்ச்சலையும் வலிப்பையும் மூச்சிரைப்பையும் பார்த்துத் தொட்டுப் பழகிக்கொண்டேன். ஒன்றை மட்டும் அப்படிப் பழக வழியில்லை. "புள்ள நீலம் பாரிச்சுப் போச்சு டாக்டர், மூச்சே இல்ல" என்று நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். மேசையில் கிடத்தினால் குழந்தை கைகாலை உதைத்து விளையாடும். நாங்கள் பார்க்க வேண்டியது வீட்டிலேயே முடிந்திருக்கும்.

எங்கள் யூனிட் மேடம் முதலில் கேட்பது, "கண்ணால பார்த்தது யாரு?" பெரும்பாலும் அப்பாதான் பேசிக்கொண்டிருப்பார், பார்த்த பாட்டி வராந்தாவில் நிற்பார். அவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பார் மேடம். "தூங்கிட்டிருந்தானா, முழிச்சிருந்தானா? பால் குடிச்சு எவ்வளவு நேரம்? துவண்டானா, விறைச்சானா?" "எத்தனை நிமிஷம்?" என்று மட்டும் கேட்க மாட்டார். பயத்தில் யாருக்கும் பத்து நிமிடமாகத்தான் தோன்றும். "நீங்க என்ன செஞ்சீங்கன்னு அப்படியே செஞ்சு காட்டுங்கம்மா" என்பார். பாட்டி தூக்கி, முதுகைத் தட்டி, வாசல்வரை ஓடிக் காட்டும்போது மேடத்தின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். பல நேரம் அரை நிமிடம்கூட ஆகாது.

நிறத்தைக் கேட்பதிலும் நுணுக்கம் உண்டு. முக்கி அழுது முகம் சிவந்தால் அது கணக்கில் வராது. குளிரில் உள்ளங்கையும் பாதமும் நீலமாவது பச்சைக் குழந்தைக்கு இயல்பு. நாக்கும் உள்ளுதடும் நீலமானதா என்பதுதான் கேள்வி. நம் மாநிறக் குழந்தைகளுக்குத் தோலை நம்ப முடியாது. சின்னக் குழந்தை ஐந்து, பத்து விநாடி மூச்சை நிறுத்தித் தொடர்வதும் இயல்புதான். இருபது விநாடியைத் தொட்டால் விஷயம் வேறு.

2016-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இப்படித் திடீரென வந்து போகும் நிகழ்வுக்கு 'ப்ரூ' (BRUE) என்று பெயரிட்டு வரையறை தந்தது. ஒரு வயதுக்குள், ஒரு நிமிடத்துக்குள் முழுக்கச் சரியாகி, விசாரித்தும் பரிசோதித்தும் காரணம் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பெயர். பால் புரையேறியது, கக்குவான் இருமல், வலிப்பு, உடம்பில் கன்றிய தடம், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் என எதையும் விசாரிக்காமல் விடக்கூடாது.

குழந்தைக்கு அறுபது நாள் தாண்டியிருந்து, அதிகக் குறைமாதப் பிரசவமாக இல்லாமல், இதுவே முதல் தடவையாகவும் இருந்தால் ஆபத்து குறைவு. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வழக்கமாகத் தேவைப்படாது. "ஒண்ணுமே எடுக்கலையா டாக்டர்?" என்று அப்பா கேட்பார். பத்து டெஸ்ட் எழுதுவது எளிது. எழுதாமல், அந்தக் குடும்பம் பயமின்றி வீடு திரும்பும்வரை உட்கார்ந்து பேசுவதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற கடினமான பாடம். மேடம் முதலுதவியைப் பொம்மையில் செய்து காட்டி, அம்மாவையும் செய்ய வைத்த பிறகே அனுப்புவார்.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் குழந்தையைக் குலுக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உள்ளங்காலைத் தேய்த்துப் பாருங்கள். மூச்சு வராவிட்டால் கற்ற முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உடனே தெளிந்துவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்த்தவரையும் கூடவே அழைத்து வாருங்கள்.