கார் ஷட்டர் சத்தமும் நம்ம மலைப் பாதையும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. கார், வேன் வைத்திருப்பவர்களும் தினமும் அவற்றில் ஏறி இறங்குபவர்களும் பொறுமையாக வாசியுங்கள். விஷயம் சின்னதுதான்: ஓடும்போது கதவுக் கண்ணாடி 'கடகட' என்று அடிக்கும் சத்தம்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வரைக்கும் கார்பட் பாதை. அதில் பெரும்பாலும் சத்தம் வராது. பாடசாலைக்குப் போக தோட்டத்துப் பாதைக்குள் திரும்பினால் போதும், கச்சேரி ஆரம்பமாகிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களின் வாகனத்தைக் கண்ணால் பார்க்கத் தேவையே இல்லை. இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே சத்தத்தை வைத்து "சேர் வாறார்" என்று சொல்லிவிடுவார்கள். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த வகையில் சத்தத்தால் ஒரு நன்மையும் உண்டு!

நம்மிடம் ஓடுபவை பழைய வாகனங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த காரைத்தான் ஓட்டினோம். இப்போது விற்கும் விலைக்குப் புதியதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே இருப்பதைச் சரியாகப் பார்த்துக்கொள்வதுதான் நமக்குள்ள வழி.

முதலில் சத்தம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். கதவுக் கண்ணாடி இரண்டு பக்கமும் இறப்பர் பீடிங் பூட்டிய தடத்துக்குள் ஏறி இறங்குகிறது. பீடிங்கின் உள்பக்கம் மெல்லிய வெல்வெட் மாதிரி ஒரு படை இருக்கும். கண்ணாடியை இறுக்கிப் பிடிக்காமலும் ஆடவிடாமலும் வைத்திருப்பது அதுதான். வருடக் கணக்கில் ஏற்றி இறக்க அந்தப் படை தேய்கிறது, இறப்பர் காய்ந்து விறைக்கிறது. கண்ணாடிக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி வந்தாலே போதும், கண்ணாடி அடிக்கத் தொடங்கும்.

சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பரிவு படிப்பிக்கும்போது இதையே உதாரணமாகச் சொல்வேன். சின்னக் காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். செக்கனுக்கு 15 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒன்றரைத் தடவை எரிதல் நடக்கிறது. அப்படியென்றால் செக்கனுக்கு 22, 23 உதைப்பு. தளர்ந்த கண்ணாடிக்கும் தனக்கென்று ஒரு மீடிறன் உண்டு. இந்த உதைப்பு அதற்கு ஒத்துப்போகும்போது கண்ணாடி பலமாக ஆடும். கார் நின்றுகொண்டிருக்கும்போது அடிக்கும் கண்ணாடி கொஞ்சம் எக்சலேட்டரை மிதித்ததும் அமைதியாவது இதனால்தான். கல் பாதையில் உதைப்பு தாறுமாறாக வருவதால் ஓயாமல் அடிக்கிறது.

நம்ம காலநிலையும் சும்மா இருப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி காலையில் புல்லில் பனி உறையும் ஊர். குளிரில் இறப்பர் இன்னும் விறைக்கும். காலை ஆறரைக்கு அடித்த கண்ணாடி பகல் வெயிலில் வீடு திரும்பும்போது அடங்கியிருந்தால், உங்கள் பீடிங் வயதாகிவிட்டது என்று அர்த்தம். ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை. வாரக் கணக்கில் ஈரம் காயாத பீடிங்கில் பச்சையாகப் பாசி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாசியோடு தோட்டத்துப் பாதையின் மண்ணும் சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி. கண்ணாடியிலும் கீறல் விழும்.

"சத்தம்தானே சேர், ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்று சொல்பவர்கள் நிறைய. இந்தப் பதிவை எழுதவே காரணம் அந்தப் பேச்சுத்தான்.

என் கார் பழைய சின்னக் கார். காலையில் அதில் நாங்கள் நாலு ஆசிரியர்கள் போகிறோம். போன வருடம் இடது பக்கக் கதவு இரண்டுக்கும் பீடிங் மாற்றினேன். காருக்குள் அமைதி வந்தது. மூன்றாம் நாள் பாடசாலை விட்டு இறங்கும்போது, பின் சீட்டில் இருந்த கணித ஆசிரியை, "சேர், பிரேக் பிடிக்கிற நேரம் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம் வருது, கேட்குதா?" என்றார். கேட்டது. மெல்லிய சத்தம். முன் வலது சில்லுப் பக்கம். அன்று பின்னேரமே கராஜுக்கு விட்டேன். கராஜ் அண்ணன் சில்லைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் பேட்டை என் கையில் வைத்தார். பல பேட்களில் ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி அந்தக் கீச்சைக் கொடுக்கும். "மாத்துங்க" என்று வண்டியே சொல்வதற்காக வைத்த தகடு அது. கண்ணாடி அடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கீச்சு எங்கள் நாலு பேரில் யாருக்கும் கேட்டிருக்காது. அல்ஹம்துலில்லாஹ், நேரத்தோடு கேட்டது.

சமதரையில் ஓடுபவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நமக்கு வீட்டு வாசலைத் தாண்டினாலே இறக்கம். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ், வேன், முச்சக்கர வண்டி என்று ஏழு உயிர்களை இழந்தோம். அந்த இரவை நம்ம ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்த விபத்துக்கும் ஷட்டர் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்த மலையில் இறக்கம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிரேக், சில்லு பெயாரிங், ஸ்டியரிங் பக்கத்து ஜொயின்ட் எல்லாம் பழுதாவதற்கு முன்னால் பெரும்பாலும் சத்தத்தில்தான் முதலில் தெரியவரும். அந்தச் சத்தத்தை இன்னொரு சத்தம் மூடக் கூடாது.

பனிமூட்டமும் இருக்கிறது. முன்னால் பத்து அடி தெரியாத நேரம் அனுபவமுள்ள சாரதிகள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, வளைவுக்கு அப்பால் ஹோர்ன் கேட்கிறதா என்று காது கொடுத்துப் போவார்கள். பாதி இறக்கிய கண்ணாடிதான் அதிகமாக அடிக்கும். அடிக்கிறதே என்று முழுதாக ஏற்றிவிட்டால் வெளிச் சத்தம் கேட்காது.

இனி, என்ன செய்யலாம்?

1. எங்கே அடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் மெதுவாக ஓட்டட்டும், மற்றவர் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். கண்ணாடியை முழுதாக ஏற்றிப் பாருங்கள், இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள். உள்ளங்கையால் கண்ணாடியை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் நின்றால் கண்ணாடிதான். நிற்காவிட்டால் டோர் போர்டை அழுத்துங்கள். அதிலும் நிற்காவிட்டால் சீட் பெல்ட் கொக்கி, கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2. பஸ்ஸில் கண்ணாடி அடித்தால் டிக்கட்டை மடித்துச் சொருகுவோமே, அதே வேலையை இங்கே பரிசோதனைக்குச் செய்யுங்கள். கொப்பி மட்டைத் துண்டு ஒன்றை மடித்து கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வையுங்கள். எந்த இடத்தில் வைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் தேய்ந்திருக்கிறது. பிறகு மட்டையை எடுத்துவிடுங்கள். அது பரிசோதனைக்குத்தான், மருந்து இல்லை. அதை வைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினால் உள்ளே விழுந்துவிடும்.

3. காசு செலவழிக்க முன் கழுவிப் பாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பழைய பல் தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் கொண்டு தடத்தைத் தேய்த்துத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கன் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். சில கார்களில் இந்த அளவிலேயே பிரச்சினை முடிந்துவிடும்.

4. மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஒயில், கிரீஸ் எதையும் பீடிங்கில் பூசாதீர்கள். இறப்பர் ஊதிக் கெட்டுப்போகும், தூசியும் வந்து ஒட்டும். இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் முன்னையதைவிட மோசமாகும்.

5. பீடிங் தேய்ந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய பீடிங் இங்கே கிடைக்காவிட்டால், கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி பஞ்சிகாவத்தையில் தேடலாம். பழைய பீடிங்கில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அளவு மாறி வந்தால் ஷட்டர் இறுகி, மோட்டர் திணறும்.

6. பீடிங் நன்றாக இருந்தும் கண்ணாடி முன்னும் பின்னும் ஆடினால் கதவுக்குள் இருக்கும் ஷட்டர் மெஷினைப் பார்க்க வேண்டும். அங்கே நட் தளர்ந்திருக்கலாம், கண்ணாடியைப் பிடிக்கும் நைலோன் துண்டு உடைந்திருக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் கண்ணாடி அப்படியே உள்ளே விழும். அது ஆடி மழை நாளாகத்தான் இருக்கும்! கதவுக் கண்ணாடி டெம்பர் செய்தது. நடுவில் பலமானது, விளிம்பில் பலவீனமானது. தளர்ந்த கண்ணாடியின் விளிம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் பொலபொலவென்று கொட்டிவிடலாம். தளர்ந்த கண்ணாடி பாதி இறங்கியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்த வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

7. டோர் போர்டைக் கழற்றுவதாக இருந்தால் பிளாஸ்டிக் கிளிப் சிலதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழையது ஒன்றிரண்டு கட்டாயம் உடையும். உள்ளே ஒட்டியிருக்கும் பொலித்தீன் தாளைக் கிழித்து எறிய வேண்டாம், மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் சீட் பக்கம் வராமல் தடுப்பது அதுதான். கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடியில் வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. அவை மண்ணால் அடைபட்டிருந்தால் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். இல்லாவிட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடித்துக்கொண்டு வரும்.

பவர் ஷட்டர் என்றால், தடத்தில் கை வைக்க முன் சாவியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பின்னால் பிள்ளைகள் இருந்தால் சுவிட்சை அமத்திவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு நாள் ரேடியோவை நிறுத்திவிட்டு, கூட வருபவர்களிடமும் சொல்லிவிட்டு, ஒரு இறக்கம் முழுக்க வண்டியின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பிரேக் பிடிக்கும்போது, வளைவில் திரும்பும்போது, பள்ளத்தில் இறங்கும்போது என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். புதிதாக ஏதாவது கேட்டால் அடுத்த சம்பளம் வரை காத்திருக்காமல் கராஜில் காட்டிவிடுங்கள்.

பாடசாலை வேன் ஓட்டும் தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும் இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வேனில் பிள்ளைகளின் சத்தமே போதுமான அளவு இருக்கும். அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். கண்ணாடியின் சத்தத்தையாவது நிறுத்துங்கள். பெற்றோரும் வேனில் ஏதாவது அடிக்கிறது என்று பிள்ளை வந்து சொன்னால், "அது பழைய வேன்தானே" என்று விட்டுவிடாமல் சாரதியிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதில் எனக்குத் தெரியாத நல்ல வழி உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள், எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும். பயணத்தில் இருக்கும் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.