அம்மா வீட்டு வாசக்கால்

கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

“என்னம்மா இது?”

“கதவு எறங்கிப் போச்சுடா. தாப்பா சேர மாட்டேங்குது. குழவி இருக்குதில்ல, ஒண்ணும் ஆவாது.”

ஐப்பசி மழையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. அப்பா இறந்த பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு கல்லை நம்பித் தூங்கியிருக்கிறார். அந்த ஒரு மாதத்தில் தலித் பெண்களின் பாதுகாப்பைப் பற்றி மூன்று கூட்டங்களில் நான் பேசியிருந்தேன். தினமும் போனில் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டிருக்கிறேன். கதவு மூடுகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலை வெளிச்சத்தில் பார்த்தேன். இடது நிலைக்காலின் அடிப்பகுதி, தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல், மாவாகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பிடி வரை உள்ளே போனது. வெளியே பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நின்றது, உள்ளே கரையான் மண். கீழ்க்கீலைப் பிடித்திருந்த திருகுகளுக்குப் பிடிமானமே இல்லை. அதனால்தான் கதவு சாய்ந்து, மறுபக்க மூலை தரையில் உரசியது. தாழ்ப்பாளும் துளையும் சேரவில்லை. நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தை மறைக்க அடித்திருந்த பீடிங் பட்டையும் உளுத்து, பாதி விழுந்துவிட்டது.

எங்களுடையது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது குடிபோனோம். ஒப்பந்தக்காரர் காயாத நாட்டு மரத்தில் நிலை செய்து நட்டுவிட்டுப் போனார். முதல் கோடையிலேயே மரம் சுருங்கி, சுவருக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு சந்து விட்டது. அதிலிருந்து ஒருநாள் தேள் வந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா எங்கிருந்தோ பலகை கொண்டுவந்து பட்டை அடித்து மூடினார்.

நிலை வைக்க வந்த ஆசாரியைப் பற்றி அம்மா இப்போதும் சொல்வார். உச்சி வெயிலில் வேலை செய்தவருக்கு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாராம். “வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து ஊர்ப்பக்கம் நடந்துபோய் டீக்கடையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. “மரியாதையாத்தான் சொன்னாரு” என்பார் அம்மா. ஊரில் நிலை வைப்பதென்றால் நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுப்பார்கள். எங்கள் வீட்டு நிலைக்கு, அவர் போன பிறகு அம்மாவே மஞ்சள் தடவிக்கொண்டார்.

இப்போது கதை மாறியிருக்கும் என்று நினைத்து இரண்டு பேருக்குப் போன் செய்தேன். முதலாமவர் “எந்தத் தெரு?” என்று கேட்டார். காலனி என்றேன். “சரி, பாக்கலாம்” என்றார். வரவில்லை. இரண்டாமவர் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, ஒரு காலுக்கு ஒட்டுப்போடுகிற வேலைக்கெல்லாம் வந்தால் கட்டாது, நிலையையே மாற்றுவதானால் சொல்லுங்கள் என்றார். இரண்டாமவர் சொன்னது நியாயமான கணக்கு. முதலாமவர் ஏன் வரவில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 6ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதையும் சேவை செய்ய மறுப்பதையும் குற்றம் என்கிறது. பயிற்சி முகாம்களில் அந்தப் பிரிவை நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் “பாக்கலாம்” என்ற சொல்லை எந்தப் புகாரில் எழுதுவது? இந்தச் சந்தேகத்தோடு வாழ்வதும் சாதி நமக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. மறுத்தவருக்கு மறந்துபோய்விடும். நாம் மட்டும் அது சாதியா, சோம்பலா என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

பெரியப்பா மகன் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு இருபது வருடமாக சென்ட்ரிங் வேலை. சென்னையிலும் பெங்களூரிலும் மாடி மாடியாகக் கட்டிய ஆள். பலகை அறுப்பது, சட்டம் கோப்பது, ரசமட்டம் வைப்பது, தூக்குக்குண்டு விடுவது எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் கான்கிரீட் இறுகியதும் பலகைகளைப் பிரித்துவிடுவார்கள். அவர் செய்த மரவேலை எந்தக் கட்டடத்திலும் மிஞ்சாது. நாள் முழுக்க ரம்பமும் சுத்தியலும் பிடித்தாலும் அவரை யாரும் தச்சர் என்று சொன்னதில்லை. ‘சென்ட்ரிங் ஆள்’தான்.

“அண்ணே, நாமளே செஞ்சிடலாமா?”

“செய்யலாம்டா. அறுக்குறது, மட்டம் பாக்குறது நான் பாத்துக்கறேன். மூலை சேக்குறதுதான் பழக்கமில்ல. பாத்துப் பாத்துச் செய்வோம்.”

டவுனில் இடித்த வீடுகளின் மரம் விற்கிற கடைக்குப் போனோம். பழைய தேக்கு நிலைக்கால் ஒன்றிலிருந்து இரண்டடித் துண்டு, 450 ரூபாய். கதவு வந்து அமரும் பள்ளம் அதில் ஏற்கெனவே இழைத்திருந்தது. எந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்றதோ தெரியாது. அண்ணன் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா காஞ்ச மரம், இனிமே சுருங்காது” என்றார். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

முதலில் கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு கீலைக் கழற்றினோம். கீழ்க்கீலை முதலில், மேல்கீலைக் கடைசியில். மாற்றிக் கழற்றினால் கதவு ஆள்மேல் விழும். பிறகு அப்பா அடித்த பட்டையைப் பெயர்த்தேன். பெயின்டுக்குப் பின்பக்கம் பார்த்தால் அது பழப்பெட்டிப் பலகை. மங்கிய அச்செழுத்துகூடத் தெரிந்தது. பாதி ஆணிகள் வளைந்திருந்தன. மேல்மூலைகளைச் சாய்த்து வெட்டத் தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்றை முட்டவைத்து அடித்திருந்தார். சந்துக்குள் சிமென்ட் சாக்கைத் திணித்திருந்தார். கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். உளியும் இழைப்புளியும் அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்தப் பட்டை முப்பது வருடத்துக்கு மேல் தேளை உள்ளே விடவில்லை.

வீட்டு வேலையை நீங்களே செய்து பாருங்கள் என்று இப்போது யூடியூபில் வரிசையாக வீடியோ வருகிறது. அது ஒரு பொழுதுபோக்கு. நம் தெருவில் நம் அப்பன்மார் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. வருவதற்கு ஆளில்லை, கொடுப்பதற்குக் காசில்லை, அதனால் செய்தார்கள். கருவியும் இல்லாமல், சொல்லித்தருவாரும் இல்லாமல் செய்தார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன், உங்களுக்கும் பயன்படும். உளுத்த மரத்தை எங்கே வெட்டுவது? உளுத்துப்போன இடம் முடிகிற இடத்தில் அல்ல. அதற்கும் மேலே மூன்று விரற்கடையாவது நல்ல மரத்துக்குள் ஏறி வெட்ட வேண்டும் என்றார் அண்ணன். கெட்டதைக் கொஞ்சம் விட்டுவைத்தால் புதுசையும் அது தின்றுவிடும். நாங்கள் ஒன்றரை அடிக்கு வெட்டினோம். சுவரோடு நிலையைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை துருவேறி இற்றுப்போயிருந்தது, அதையும் அறுத்தெடுத்தோம். மேலே நிற்கும் பழைய காலில் நான்கு அங்குல நீளத்துக்குப் பாதித் தடிமன் எடுத்தோம். புதுத் துண்டிலும் அதேபோல் பாதி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பசை தடவித் திருகினால்தான் ஒட்டு நிற்கும், நேராக முட்டவைத்தால் நிற்காது. கீழ்ப்பாதியை ஆங்கர் போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கினோம்.

மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் வெட்டுமுனை வழியாகத்தான். அதனால் அடிமுனைக்குக் கரையான் மருந்து இரண்டு முறை, காய்ந்ததும் பிரைமர் இரண்டு முறை. மரம் நேராகத் தரையில் உட்காராமல் அடியில் ஒரு துண்டுக் கடப்பாக்கல் வைத்தோம். இந்தச் சின்ன வேலைகளை அன்றைக்கே செய்திருந்தால் பழைய கால் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. ஆனால் காலனிக்குக் கட்டுகிற வீட்டில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நிலையே அரை அங்குலம் சாய்த்து நடப்பட்டிருக்கிறது. கதவு தானாகத் திறந்துகொள்வதற்கு நாங்கள் சின்ன வயதில் பேய்தான் காரணம் என்று நம்பியிருந்தோம்.

இரண்டாம் நாள் பீடிங். இதில்தான் நான் தோற்றேன். மேல்மூலையில் இரண்டு பட்டைகளும் 45 பாகையில் சாய்ந்து சேர வேண்டும். முதல் பட்டையைச் சாய்வை மாற்றி வெட்டினேன், வீணாய்ப்போனது. இரண்டாவதைச் சரியாக வெட்டினேன், ஆனாலும் மூலையில் வாய் பிளந்துகொண்டு நின்றது. நிலையே சாய்ந்திருக்கும்போது 45 எப்படிச் சேரும்? அந்த மூலையில் இருக்கிற கோணத்தை அட்டையில் பதித்து, அதைப் பாதியாக மடித்து, அதன்படி வெட்டிய பிறகுதான் சேர்ந்தது. பட்டையின் ஓரத்தில் நேராக ஆணி அடித்தபோது பிளந்தது. மெல்லிய துளை போட்டுவிட்டு அடித்தபோது பிளக்கவில்லை. இரண்டு பட்டையும் ஒரு நகமும் போயின. ஆனால் சாயங்காலத்துக்குள் எனக்கு வந்துவிட்டது. இருபது தலைமுறை ரத்தத்தில் ஊறினால்தான் வரும் என்று சொல்லப்பட்ட வேலை, ஒரு பகலில் பாதியாவது வந்துவிட்டது. மீதிக்கு இன்னும் சில மாதங்கள் நல்ல ஆளிடம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

சின்ன வயதில் நான் அப்பாவின் மண்வெட்டியைத் தொட்டால் அடிப்பார். “பேனாவப் புடிடா, இந்தச் சனியன் என்னோட போவட்டும்” என்பார். அவர் சொன்னது சரி. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி இந்த மண் அதை எதிர்த்தது. 1954இல் காமராசர் அரசு அதைக் கைவிட்டது. 2023இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோதும், குடும்பத்தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நாமும் நின்றோம். இனியும் நிற்போம்.

ஆனால் குலத்தொழில் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே, கைத்தொழில் என்றாலே இழிவு என்று நினைக்கிற இடத்துக்கு நம்மில் சிலர் வந்துவிட்டோம். நானும் வந்திருந்தேன். பாபாசாகேப் 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் சொன்னது என்ன? சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது என்றார். ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குப் போகவிடாமல் தடுப்பதால் வேலையின்மைக்கே சாதி காரணமாகிறது என்றார். அப்படியானால் நம் எதிரி உளி அல்ல. உளி இன்னார் கையில்தான் இருக்க வேண்டும், இன்னார் கையில் மண்வெட்டிதான் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் எதிரி. தண்ணீரை மறுத்த அந்த ஆசாரியையும் அதே ஏற்பாடுதான் பிறப்பிலேயே ஒரு பட்டறைக்குள் உட்காரவைத்தது. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. கதவைச் சரிசெய்துவிட்டதால் அந்தச் சொம்புத் தண்ணீரின் கணக்கும் தீர்ந்துவிடாது. அதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவை மாட்டினோம். பழைய திருகுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு நீளமான திருகுகள் போட்டோம். தாழ்ப்பாள் துளைக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. அம்மா மூன்று முறை போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குழவியைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மிமேல் வைத்தார். பிறகு மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். பெயின்ட் ஈரம் என்று அண்ணன் தடுத்தும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுச் சின்னம்மா வந்து பார்த்துவிட்டு, “யாருக்கா ஆசாரி?” என்று கேட்டார்.

“எம் புள்ளைங்கதான்” என்றார் அம்மா.

“அப்ப எங்க வாசக்காலையும் பாத்துட்டுப் போவச் சொல்லு. அதுவும் கையவச்சா உதிருது.”

ஒரே வருடம், ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே காயாத மரம். அப்படியானால் தெரு முழுக்க அதே கதைதான். மறுநாள் வீடு வீடாகப் போய் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தோம். இருபத்தாறு வீட்டில் பதினோரு நிலை உளுத்திருக்கிறது. அதில் நான்கு வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். அந்த நான்கையும் முதலில் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறோம். மரத்துக்குத் தெருவில் பணம் திரட்டுகிறோம். பழுதுபார்க்க நிதி கேட்டு ஊராட்சியில் மனுவும் கொடுத்திருக்கிறோம். நாமே செய்கிறோம் என்பதற்காக அவர்களுடைய பொறுப்பை விட்டுவிட முடியாது. தை மாதம் சனி, ஞாயிறுகளில் வேலை. அண்ணன் சொல்லிக்கொடுக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு தங்கைகள் ரம்பம் பிடிக்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கையிலும் இதுவரை யாரும் உளி கொடுத்ததில்லை.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது வாசக்காலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ராத்திரி கதவு எப்படி மூடுகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்.