அமிலத் தொட்டிக்கு எந்தக் காரம்?

கால்வனைசிங் பட்டறையின் பிக்லிங் தொட்டியிலிருந்து வரும் கந்தக அமிலக் கழிவுநீரை முறிப்பது என் வேலை. புதிதாகச் சேரும் பையன்கள் முதலில் கை நீட்டுவது காஸ்டிக் கேனைத்தான். “ஆசிட் ஸ்ட்ராங்கா இருக்கே சார், காரமும் ஸ்ட்ராங்கா வேண்டாமா?” வேண்டியதில்லை. சாதுவான காரமும் அமிலத்தை முழுசாக முறிக்கும். நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும்.

ஒரு கிலோ கந்தக அமிலத்துக்குக் காஸ்டிக் சுமார் 820 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 755, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 600கூட வேண்டாம். ஆனால் ஆபத்து எடையில் இல்லை, கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பிஎச் 3-ஐத் தொடுவதற்குள் அமிலத்தின் பெரும்பகுதி முறிந்துவிடும். உலோகம் அதிகம் கரைந்திராத நீர் என்றால், அதன்பின் கொஞ்சம் காஸ்டிக் கூடினாலே முள் 10-ஐத் தாண்டி ஓடும். வெளியேற்ற அனுமதி 5.5 முதல் 9 வரைதான். இன்னொன்று, 9-க்கு மேல் திப்பியாக இறங்கும் துத்தநாகம், 11-ஐத் தாண்டினால் திரும்பவும் கரையத் தொடங்கும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடை அள்ளிக் கொட்டினாலும் பிஎச் 10-ஐ ஒட்டியே நின்றுவிடும். இரவு ஷிப்டில் தனியாக நிற்பவருக்கு அது பெரிய துணை.

இருந்தாலும் நான் பெரும்பாலும் போவது சுண்ணாம்புப் பாலுக்குத்தான். முறித்த பிறகு என்ன உப்பு மிஞ்சுகிறது என்பதே எனக்கு முதல் கேள்வி. காஸ்டிக் விட்டுப்போகும் சோடியம் சல்பேட் நீரிலேயே கரைந்து நிற்கும். யார் கிணற்றுக்கோ போய்ச் சேரும். சுண்ணாம்பு போட்டால் ஒரு கிலோ அமிலத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ ஜிப்சம் உருவாகும், லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுக்குமேல் கரையாமல் அடியில் படியும். ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்தால் கெட்டிப் பலகையாகக் கழன்று விழும். குழாய்களில் பாறைபோலப் பிடிப்பதும் அதேதான், சுத்தம் செய்யச் சலிக்கக் கூடாது.

மலிவு என்று சுண்ணாம்புக்கல் ஜல்லி போடுபவர்கள் உண்டு. முதலில் நுரைத்துப் பொங்கும், பிறகு அடங்கும். ஒரு கல்லை எடுத்துச் சுரண்டினால் விஷயம் தெரியும்: மேலே ஜிப்சம் தோல் மூடியிருக்கும், சுரண்டிய இடத்தில் மறுபடி நுரைக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இந்தத் தோல் வராது. கால்சியம் குளோரைடு கரைந்துவிடும். ஆகவே அங்கே சுண்ணாம்புக்கு உப்பைப் படியவைக்கும் தகுதியும் கிடையாது.

தரையில் சிந்தினால் சோடா ஆஷ் தூவலாம். மேலும் தூவியும் நுரை வராவிட்டால் முறிந்தது என்று கண்ணுக்கே தெரியும். உடம்பில் பட்டால் மட்டும் எந்தக் காரமும் கூடாது. குழாயைத் திறந்து தண்ணீர், தண்ணீர் மட்டும், குறைந்தது 15 நிமிடம்.