பழைய பேரைக் கேளுங்கள்!

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே ஒரு மனையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்து வர, நானும் மாமியாரும் என் ஆறு வயது மகளும் பஸ் ஏறினோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "ஆயா, அது என்ன மலை?" என்று ஆரம்பித்தாள். மாமியாருக்குக் கேட்கவா வேண்டும்! சேலத்துக்கு வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே இரும்புத் தாது உள்ள கஞ்சமலை. மலையைக் குறிக்கும் 'சைலம்'தான் சேலம் ஆயிற்று என்பாரும் உண்டு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. செந்நிறக் குன்று திருச்செங்கோடு. உயரமாக இருந்தால் மலை. மரமில்லாத சின்னக் கல்மலை என்றால் கரடு.

"சமதரையில அது மட்டும் எப்படி ஆயா நிக்குது?"

சுற்றியிருந்த மண்ணும் இளகிய பாறையும் பல லட்சம் வருட மழையிலும் வெயிலிலும் கரைந்துபோக, கெட்டியானது மட்டும் நின்றுவிட்டது என்று நான் சொன்னேன்.

நாமக்கல்லில் ஊர் நடுவே 200 அடிக்கு மேல் ஒற்றைப் பாறை! உச்சியில் கோட்டை, பக்கவாட்டில் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்கள். எதிரே கூரையில்லாமல் 18 அடி ஆஞ்சநேயர். குழந்தைகளோடு போகிறவர்கள் காலையிலேயே மலை ஏறிவிடுங்கள். மத்தியானம் பாறை கால் வைக்க முடியாமல் சுடும்.

பிறகு மனைக்குப் போனோம். ஏதோ 'நகர்' என்று புதுப் பலகை. தரை சுத்தமாக, அழகாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. மாமியாரோ ஆடு மேய்த்த ஒரு அம்மாளிடம் போய், "இந்தக் காட்டுக்கு முன்னே என்ன பேருங்க?" என்றார்.

"குட்டைக்காடுங்க."

"கேட்டியா கண்ணு? தண்ணி நின்ன எடம். பேரு சும்மா வெக்க மாட்டாங்க" என்றார். எனக்கு உள்ளூர வருத்தம்தான். பணத்தோடு திரும்பினோம்.

ஐப்பசி மழைக்குப் பின் அந்தப் பக்கம் போய்வந்த என் கணவர், மனைக்கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்ததாகச் சொன்னார்!

குட்டை, பள்ளம், ஓடை, ஏரி என்று முடியும் பேர்களைக் கண்டால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள். மூலப்பத்திரத்தில் பழைய பேர் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் கேளுங்கள். பலகையை மாற்றலாம், தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை.